விருப்பம் வேலையாகும்போது: வாசகர் கேள்வி பதில்

கலையைத் தொழிலாகக் கொண்ட வாசகர்களிடமிருந்து அண்மையில் வந்த கடிதங்கள் பலவும், விருப்பமான கலை வேலையானதும் விருப்பம் குறைகிறதே என்ற ஒரே கவலையைப் பேசியதால், இம்முறை இப்பகுதியை அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம். எழுதியவர்கள் எல்லோரும் இலங்கையின் வன்னியையும் அதை அண்டிய இடங்களையும் சேர்ந்தவர்கள். அவர்கள் கேட்டுக்கொண்டபடி பெயர்களைத் தவிர்த்து, கடிதங்களைச் சுருக்கித் தருகிறோம்.

கேள்வி: கிளிநொச்சியில் சிறியதொரு வரைகலைக் கடை வைத்திருக்கிறேன். பெனர், அழைப்பிதழ், நினைவஞ்சலிப் பிரசுரம், ஒளிப்படத்தைப் பார்த்துக் கீறும் உருவப்படம் என்று எது வந்தாலும் செய்வேன். பள்ளிக்கூடக் காலத்தில் கணக்குக் கொப்பியின் பின்பக்கமெல்லாம் கீறி அடி வாங்கியவள் நான். இன்றோ கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால் பென்சிலைத் தொடவே மனம் வருவதில்லை. எனக்கென்று ஒரு படம் கீறிக் கனகாலமாகிவிட்டது. அம்மாவும் தம்பியும் என் உழைப்பை நம்பியிருப்பதால் தொழிலை விடவும் முடியாது. கடந்த வாரம் ஒருவர் பிறந்தநாள் பெனரின் எழுத்து நிறத்தை ஐந்து முறை மாற்றுவித்துவிட்டு, கடைசியில் முதல் நிறமே நல்லது என்றபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆசைப்பட்டதைத் தொழிலாக்கியது பிழையா?

பதில்: பிழையில்லை. ஆயினும் உங்கள் கடிதத்தில் களைப்பும் கசப்பும் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. முதலில் அவற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். காலையிலிருந்து இரவு வரை கணினித் திரைக்கு முன்னால் இருப்பவரின் கண்ணும் தோள்மூட்டும் இரவில் அவர் சொற்கேட்காது. அந்த வேளையில் பென்சிலைத் தொட மனம் வரவில்லை என்பதை வைத்துக்கொண்டு, ஆசையே செத்துவிட்டது என்று தீர்ப்பெழுதிவிடக் கூடாது. கோயில் திருவிழாவுக்கோ உறவினர் வீட்டுக்கோ போய் இரண்டு நாள் ஓய்வாக இருக்கும்போது, கையில் அகப்பட்ட கடதாசியில் உங்களை அறியாமலே எதையாவது கீறுகிறீர்களா என்று கவனியுங்கள். கீறுகிறீர்கள் என்றால் உங்களுக்கு வேண்டியது ஓய்வுதான். அப்போதும் கை போகவில்லை என்றால் கசப்பைப் பற்றிக் கதைக்க வேண்டும்.

விரும்பிச் செய்த காரியத்துக்குக் கூலி வந்து சேர்ந்ததும் விருப்பம் குறைகிறதா என்பதை உளவியலாளர்கள் அரை நூற்றாண்டுக்கு முன்பே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெற் ஆகிய மூவர் 1973இல் வெளியிட்ட ஆய்வு இதில் பெயர்பெற்றது. அமெரிக்காவின் கலிபோர்னியாவிலுள்ள பாலர் பாடசாலை ஒன்றில், வண்ணப் பேனாக்களால் வரைவதில் இயல்பாகவே நாட்டமுள்ள சிறுவர்களைத் தெரிந்தெடுத்து, வரைந்தால் நாடா வைத்த சான்றிதழ் கிடைக்கும் என்று ஒரு பகுதியினருக்கு முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு பகுதியினருக்கு எதுவும் சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு எதுவுமில்லை. ஓரிரு வாரம் கழித்து, அதே பேனாக்களை வகுப்பறையில் வைத்துவிட்டு, பிள்ளைகள் தாமாக எவ்வளவு நேரம் வரைகிறார்கள் என்று மறைவிலிருந்து கவனித்தார்கள். சான்றிதழுக்காக வரைந்த பிள்ளைகள், மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறத்தாழ அரைப்பங்கு நேரமே வரைந்தார்கள். எதிர்பாராமல் சான்றிதழ் பெற்ற பிள்ளைகளின் ஆர்வமோ குறையவில்லை. கையில் கிடைத்த பொருள் இரு பகுதியினருக்கும் ஒன்றே. ‘இதற்காக இது’ என்ற பேச்சு முதலிலேயே வைக்கப்பட்டதுதான் வேறுபாடு.

வளர்ந்தவர்களின் கதையும் ஏறக்குறைய இதுதான். தெரேசா அமாபில் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் 23 தொழில்முறை ஓவியர், சிற்பிகளிடமிருந்து, ஓடருக்குச் செய்தவற்றில் பத்தும் தாமாகச் செய்தவற்றில் பத்துமாக ஆளுக்கு 20 படைப்புகளைத் தெரிந்தெடுத்து, எது எவ்வகை என்று சொல்லாமல் கலை அறிந்தவர்களிடம் மதிப்பிடக் கொடுத்தார்கள். கைத்திறத்தில் இரண்டும் சமமாகவே இருந்தன. படைப்பூக்கத்தில் ஓடருக்குச் செய்தவை பின்தங்கின. இந்த முடிவைத்தான் எல்லோரும் எடுத்துச் சொல்வார்கள். அதே ஆய்வில் அவ்வளவாகப் பேசப்படாத இன்னொரு முடிவும் உண்டு: கலைஞர் தம்மைக் கட்டிப்போட்டதாக உணர்ந்த ஓடர்களே கூடுதலாகப் பின்தங்கின, நினைத்ததைச் செய்ய வசதி தந்ததாக உணர்ந்த ஓடர்களில் அந்தக் குறை தென்படவில்லை. வத்திக்கானின் சிஸ்ரைன் சிற்றாலயத்து மேற்கூரையை மைக்கலாஞ்சலோ 1508 முதல் 1512 வரை வரைந்ததும் பாப்பரசர் இரண்டாம் ஜூலியஸ் கொடுத்த ஓடருக்குத்தான். முதலில் கேட்கப்பட்டது பன்னிரண்டு அப்போஸ்தலர்களின் உருவங்கள். அது வறிய வேலையாகிவிடும் என்று தாம் சொன்னதாகவும், விரும்பியதைச் செய்யும்படி பாப்பரசர் விட்டுவிட்டதாகவும் அவரே பின்னாளில் கடிதமொன்றில் எழுதியிருக்கிறார். அந்த வேலையின்போது கழுத்தும் முதுகும் படும் பாட்டை நொந்து அவர் ஒரு பாட்டும் எழுதினார் என்பதை, உங்கள் தோள்மூட்டின் ஆறுதலுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

இனி அந்தப் பெனருக்கு வருவோம். ஐந்து தடவையும் முடிவெடுத்தவர் அவர். கை மட்டும் உங்களுடையதாக இருந்தது. உங்களை அழவைத்தது இதுதான் என்று நினைக்கிறேன். ஆகவே ‘தொழிலை விடுவதா, வைத்திருப்பதா’ என்று கேட்பதைச் சற்றே ஒத்திவைத்து, வரும் ஒவ்வொரு வேலையிலும் உங்கள் தீர்மானத்துக்கு எவ்வளவு இடமிருக்கிறது என்று பாருங்கள். பிறந்தநாள் பெனரில் அனேகமாக இடமே இல்லை. அதில் கலையைத் தேடி மனம் நோகத் தேவையில்லை. நாலைந்து மாதிரிகளை ஆயத்தமாக வைத்து, இவற்றில் ஒன்றைத் தெரிவு செய்யுங்கள், இரண்டு திருத்தம் வரை இந்த விலைக்குள் அடங்கும், அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு என்று எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். மூன்றாவது திருத்தத்துக்குக் காசு என்றதும் முதல் நிறமே எவ்வளவு அழகானது என்பது பலருக்கு உடனே விளங்கிவிடும். அந்த வேலையை விரைவாக முடித்து, வந்த காசுக்கு நன்றி சொல்லி, மறந்துவிடலாம்.

உருவப்படத்தின் சங்கதி முற்றிலும் வேறு. நம் பகுதியில் இடப்பெயர்வுகளோடு வீட்டு அல்பங்களை இழந்த குடும்பங்கள் எத்தனையோ. ஆகவே உங்களிடம் வருகிற மூலப்படம் பெரும்பாலும் கடவுச்சீட்டு அளவிலான ஒரு பழைய படமாகவோ, அடையாள அட்டையின் பிரதியாகவோ இருக்கும். நெகிழி உறைக்குள் ஈரம் புகுந்து ஒரு பக்கக் கன்னம் கரைந்திருக்கும். கமராவைப் பார்த்து விறைத்த முகமாகவும் இருக்கும். அதைக் கொண்டுவருகிற தாய், ‘கொஞ்சம் சிரிக்கிற மாதிரிக் கீறித் தாங்கோ பிள்ளை’ என்று கேட்பார். அந்தச் சிரிப்பு படத்தில் இல்லை. அதை எந்தக் கணினியும் படத்திலிருந்து எடுத்துத் தராது. தருவதாகச் சொல்லும் செயலிகள் வேறு யாருடையதோ சிரிப்பைத்தான் ஒட்டுகின்றன. அந்தத் தாயை ஒரு கதிரையில் இருத்தி, மகன் சிரித்தால் எந்தப் பக்கம் வாய் கூடுதலாக விரியும், பல் தெரியுமா, கண் சுருங்குமா, யாருடைய சாயல், அந்தச் சாயலுள்ள தம்பியோ மாமனோ இப்போது இருக்கிறார்களா என்று கேட்டு, பென்சில் நிலையிலேயே அவருக்குக் காட்டி, அவர் தலையாட்டும் வரை அழித்தழித்துக் கீறுங்கள். அவரும் திருத்தம் சொல்வார். பத்துத் தடவைகூடச் சொல்வார். ஆனால் இந்தத் திருத்தங்களில் நீங்கள் வெறும் கையாக இருக்க மாட்டீர்கள், ஏனென்றால் வாயின் ஓரத்தை எவ்வளவு உயர்த்தினால் அந்த முகம் உயிர்க்கும் என்பதை நீங்கள் ஒருவர்தான் தீர்மானிக்க முடியும். இப்படியான ஒரு படத்துக்குப் பெனரை விடப் பல மடங்கு நேரம் போகும் என்பதால், விலையையும் நேரத்துக்கேற்ப வையுங்கள். இழப்போடு வருபவரிடம் காசு கேட்பதற்கு மனம் கூசினால், தவணையாக வாங்குங்கள். குறைந்த விலைக்குச் செய்து அவசரப்படுவதை விட அது இருவருக்கும் நல்லது.

உங்களுக்கென்று கீறுவதைக் கடை பூட்டிய பிறகு வைத்துக்கொள்ள வேண்டாம். கடை திறப்பதற்கு முந்திய அரைமணி நேரம் போதும். கடையில் கணினியோடு மாரடிப்பதால், இங்கே கணினி வேண்டாம். கரியோ, மையோ, நீர்வர்ணமோ எடுங்கள். எரிபொருள் நிலையத்தில் வரிசையில் நிற்கும் உழவு இயந்திரங்கள், இரணைமடுக் குளக்கட்டில் தூண்டில் போடுகிறவர்கள், சந்தையில் மீனை வெட்டும் கை என்று கண்ணுக்குப் பட்டதைக் கீறுங்கள். ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன்: அந்தக் கொப்பியின் பக்கங்களை முகநூலில் போடாதீர்கள். போட்டால் ‘இது என்ன விலை?’ என்ற கேள்வி மாலைக்குள் வந்துவிடும். அடுத்த நாள் கீறும்போது அந்தக் கேள்வியும் உங்களோடு கதிரையில் இருக்கும். கலியாணங்கள் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் அழைப்பிதழ் வேலை குறையும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. பெரிய படம் ஏதாவது மனதில் இருந்தால் அந்த மாதங்களுக்கு வைத்திருங்கள்.

கேள்வி: உயர்தரத்தில் சித்திரம் படிக்கிறேன். முல்லைத்தீவு. பொழுதுபோக்கைத் தொழிலாக்கினால் அதன் மீதுள்ள ஆசை போய்விடும், வேறு உத்தியோகம் பார்த்துக்கொண்டு ஓய்வில் வரை என்று அண்ணா சொல்கிறார். அவர் சொல்வது சரியா?

பதில்: அண்ணா சொல்வது ஒரு வழி, நல்ல வழியும்கூட. யாழ்ப்பாணத்தில் இயங்கிய ஓவியர் குழு ஒன்று, விடுமுறைக்கால ஓவியர் கழகம் என்றே அழைக்கப்பட்டது. ஓவியர் அ. மாற்கு (1933–2000) பிள்ளைகளுக்குச் சித்திரம் படிப்பித்துக்கொண்டே தம் ஓவியங்களையும் செய்தார். கவிஞர் மஹாகவி (1927–1971) அரச சேவையில் இருந்தபடியே எழுதினார். ஆங்கில நாவலாசிரியர் அந்தனி ட்ரொலப் 1834 முதல் 1867 வரை தபால் சேவையில் இருந்தார். விடியற்காலை ஐந்தரை மணிக்கு மேசையில் இருந்து, கால் மணி நேரத்துக்கு 250 சொல் என்று கடிகாரத்தைப் பார்த்து எழுதிவிட்டு வேலைக்குப் போனவர். ஆனால் அண்ணா ஒன்றை மறந்துவிட்டார். வேறு உத்தியோகமும் நேரத்தைத் தின்னும். மாலையில் களைத்து வந்து வரையாமல் விட்டவர்கள் அலுவலகங்களிலும் நிறையவே இருக்கிறார்கள். பரீட்சை முடிந்ததும், தெரியாத ஒருவருக்குக் காசுக்கு ஒரு சிறு வேலை செய்து பாருங்கள். உங்களுக்கு வேலை பிடிக்காமல் போகிறதா, அந்த ஆளைப் பிடிக்காமல் போகிறதா என்பது அப்போது தெரியும். இரண்டாவது என்றால் தொழிலுக்குப் பயப்படத் தேவையில்லை.

கேள்வி: வவுனியாவில் கலியாணம், சாமத்தியவீடு ஆகியவற்றுக்கு மணவறையும் மேடையும் சோடிக்கிறேன். தெரிந்தவர்களிடமும் சொந்தக்காரரிடமும் முற்பணம் கேட்க வாய் வருவதில்லை. ‘எங்கட பிள்ளைதானே’ என்று சொல்லிச் செலவுக் காசோடு அனுப்பிவிடுகிறார்கள். அதோடு, கைத்தொலைபேசியில் யாரோ செய்த மண்டபத்தின் படத்தைக் காட்டி, இதேபோல வேண்டும் என்கிறார்கள். வேலையே வெறுத்துப் போகிறது.

பதில்: ‘எங்கட பிள்ளைதானே’ என்பவர் சமையற்காரருக்கும் மண்டபத்துக்கும் முழுக்காசு கொடுத்துவிட்டுத்தான் உங்களிடம் வருகிறார் என்பதை நினைவில் வையுங்கள். சொந்தக்காரருக்கு ஒரேயொரு விதி போதும்: இலவசம் என்றால் சோடனை முழுவதும் உங்கள் விருப்பப்படி, ஒரு பூவைக்கூட அவர்கள் மாற்றக்கூடாது, அவர்கள் விருப்பப்படி வேண்டுமென்றால் முழு விலை. இதைச் சிரித்துக்கொண்டே சொல்லலாம். பெரும்பாலானோர் காசு தருவார்கள். விருப்பத்தை உங்களிடம் விட்டுவிடுகிற ஒருவர் அகப்பட்டால், வருடத்தில் ஒரு முறை காசில்லாமல் செய்தாலும் நட்டமில்லை. மற்றவர்களிடம் பாதி முற்பணம். என்ன நிறம், என்ன பூ, எத்தனை மணிக்கு முடியும் என்பதை வட்ஸ்அப்பில் எழுத்தாகவே அனுப்பி, சரி என்ற பதிலைப் பெற்ற பிறகே பூவுக்கு ஓடர் கொடுங்கள். படத்தைக் காட்டுபவரிடம், இதில் உங்களுக்குப் பிடித்தது எது என்று கேளுங்கள். வெளிச்சம் என்பார், அல்லது உயரம் என்பார். அதை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை நீங்கள் செய்யலாம்.

கேள்வி: முள்ளியவளைப் பக்கத்தில் கோவலன் கூத்து ஆடிவரும் குழுவைச் சேர்ந்தவன். விடிய விடிய ஆடுகிற கூத்தை இருபது நிமிடமாகச் சுருக்கி மேடைக்குத் தரும்படி நிறுவனங்கள் கேட்கின்றன, காசும் தருகின்றன. இளம் பொடியன்கள் ஒத்திகைக்கு வருமுன்பே எவ்வளவு கிடைக்கும் என்று கேட்கிறார்கள். முன்பிருந்த குதூகலம் இல்லை. காசு வாங்குவதை நிறுத்திவிட்டால் பழைய நிலை திரும்புமா?

பதில்: திரும்பாது; பொடியன்களும் திரும்ப மாட்டார்கள். ஒரு நாள் ஒத்திகைக்கு வருபவன் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருகிறான் என்றால், அவன் கேட்பது நியாயமான கேள்வி. கலையும் கொடையும் ஒன்றாக இருந்தது நம்மிடம் இன்று நேற்று வந்த பழக்கமும் அல்ல. சங்கப் புலவர்கள் பரிசில் வாங்கியே வாழ்ந்தார்கள். அதைப் பாட்டிலே வெளிப்படையாகச் சொன்னார்கள். புறநானூற்றின் 208ஆம் பாட்டு இதில் உங்களுக்கு நேரடியாகப் பயன்படும். குன்றும் மலையும் பல கடந்து அதியமானிடம் வந்த பெருஞ்சித்திரனாருக்கு, அவன் அவரைக் காணாமலே, இதைப் பெற்றுக்கொண்டு போகட்டும் என்று பரிசிலைக் கொடுத்தனுப்புகிறான். புலவருக்குக் கோபம் வருகிறது. என்னைக் காணாமல் தந்த இந்தப் பொருளுக்கு நான் வாணிகப் பரிசிலன் அல்லேன் என்கிறார். என் கல்வியின் அளவை அறிந்து பேணித் தந்தால் தினையளவாயினும் இனியது என்கிறார். பரிசில் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. தம்மைப் பார்க்க வேண்டும், தம் தகுதியை அறிந்து தர வேண்டும் என்று கேட்கிறார்.

உங்கள் குழு இருபது நிமிட மேடைகளில் இழப்பதும் இதைத்தான் என்று படுகிறது. யாரோ ஒருவர் பட்டியலில் இடைவெளி இருக்கிறது என்பதற்காக அழைக்கிறார். உடுப்புக் கட்டவும் முகத்துக்குப் பூசவும் போகிற நேரம் ஆட்டத்தை விட நீளமானது. விருந்தினர் பிந்தி வந்தால் இருபது பன்னிரண்டாகிறது. அறிவிப்பாளர் கதையைச் சொல்லி முடித்துவிடுவதால் நீங்கள் அவருக்குப் படம் காட்டுவதுபோல வந்து போகிறீர்கள். ஆகவே எதைச் சுருக்குவது என்ற உரிமையை அழைப்பவரிடம் கொடுக்காதீர்கள். முழுக்கதையையும் இருபது நிமிடத்துக்குள் ஓடி முடிப்பதை விட, ஒரு கட்டத்தை அதன் வரவோடும் (பாத்திரம் மேடைக்கு வரும் ஆட்டம்) தருவோடும் (கூத்துப் பாட்டு) முழுமையாக ஆடுவது பார்ப்பவருக்கும் நல்லது. அது கோவலன் சிலம்பை விற்கப் புறப்படும் கட்டமா, கண்ணகி வழக்குரைக்கும் கட்டமா என்பதை ஆடுகிற பொடியன்களே கொப்பியைப் புரட்டித் தெரிந்தெடுக்கட்டும். கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் மறுத்தால் ஏன் மறுக்கிறார் என்று அவர்களுக்கு முன்னாலேயே சொல்லட்டும். அந்த வாக்குவாதம் பல ஒத்திகைகளை விடப் படிப்பிக்கும். அழைப்பவரிடம் ஒரு நிபந்தனை வையுங்கள்: அறிவிப்பாளர் சொல்ல வேண்டிய நாலு வரியை நீங்கள் எழுதிக் கொடுப்பீர்கள்.

வந்த காசை மத்தளம் அடிப்பவர், பிற்பாட்டுக்காரர், உடுப்புக்காரர் உட்பட எல்லோருக்கும் முன்னால் வைத்துக் கணக்குச் சொல்லிப் பிரியுங்கள். குழுக்கள் உடைவது காசு வாங்கியதால் இல்லை, எவ்வளவு வந்தது என்று தெரியாததால்தான். வருடத்தில் ஓர் இரவு, விடியும் வரை, கோயில் வாசலில் ஊருக்காக ஆடும் கூத்தை எந்த நிறுவனத்தின் பட்டியலிலும் சேர்க்காமல் வைத்திருங்கள். அதற்கு வருகிற பொடியன் எவ்வளவு என்று கேட்கிறானா என்று பாருங்கள். கேட்டால் அப்போது எனக்கு மீண்டும் எழுதுங்கள்.

கேள்வி: பளையில் பனையோலை வேலை செய்கிறேன். அம்மாவிடம் பழகியது. இப்போது ஒரு வியாபாரி ஒரே அளவு, ஒரே நிறத்தில் 200 பெட்டி கேட்கிறார். காசு தேவை. ஆனால் இழைக்க இழைக்க அலுப்பாக இருக்கிறது.

பதில்: கை பழகிய வேலையில் அலுப்பு வருவது இயல்பு, அம்மாவின் காலத்திலும் வந்திருக்கும். அம்மாவின் காலத்தில் முற்றத்தில் நாலு பெண்கள் சேர்ந்திருந்து ஓலை வார்ந்து, இழைத்து, ஊர்க்கதை கதைத்தார்கள். தனியாக ஓர் அறையில் இருந்து 200 பெட்டி இழைப்பது யாருக்கும் தண்டனைதான். ஆகவே பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவரைச் சேர்த்து ஓடரைப் பகிருங்கள். அளவும் நிறமும் வியாபாரியின் முடிவாக இருக்கட்டும். மூடியின் பின்னலை உங்களிடம் விடும்படி கேட்டுப் பாருங்கள், பத்துக்கு ஒரு விதமாக மாற்றலாம். அநேகமாக அவர் மறுக்க மாட்டார், கடையில் அடுக்கி வைக்கும்போது அது அழகாகவே இருக்கும். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் பளையில் இழைத்தது என்றும் உங்கள் பெயரும் எழுதிய சிறு அட்டை ஒன்றை வைக்க அனுமதி கேளுங்கள். கூத்துக்காரருக்குச் சொன்ன பெருஞ்சித்திரனாரின் நியாயம் உங்களுக்கும் பொருந்தும். மிஞ்சுகிற சாய ஓலையை வீசாமல், உங்களுக்குப் பிடித்த எதையாவது, விற்காமல், இழைத்து வையுங்கள்.

கேள்வி: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், நெடுங்கேணி. இறந்தவரின் முப்பத்தோராம் நாள் கிரியையான அந்தியேட்டிக்கு வெளியிடும் கல்வெட்டு என்னும் நினைவு நூல்களுக்குப் பாடல் எழுதிக் கொடுக்கிறேன். முதலில் ஒரு சேவையாகச் செய்தேன். இப்போது கட்டணம் வாங்குகிறேன். உறவினர் ஒவ்வொருவரும் அழுவதாக எழுதும் புலம்பல்கள் எல்லாம் ஒரே மாதிரி அமைந்துவிடுகின்றன. குலவிளக்கு, ஆலமரம், ஓடிவந்த கால்கள் என்று எழுதி எழுதி எனக்கே வெட்கமாக இருக்கிறது. கட்டணம் வாங்குவதால்தான் கவிதை வறண்டுவிட்டதா? எவ்வளவு வாங்குவது என்றும் தெரியவில்லை.

பதில்: ஐயா, கட்டணத்தைக் குற்றம் சொல்ல வேண்டாம். கல்வெட்டிலேயே உங்களுக்குக் களிப்புத் தரக்கூடிய இடம் ஒன்று இருக்கிறது. அதை நீங்கள் கடிதத்தில் குறிப்பிடவே இல்லை. அதுதான் திதி வெண்பா. வருடத்தின் பெயர், மாதம், பூர்வபக்கமா (வளர்பிறை) அபரபக்கமா (தேய்பிறை), என்ன திதி, இறந்தவரின் பெயர் எல்லாவற்றையும் நாலடிக்குள், வெண்டளை பிழைக்காமல், ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற வாய்பாடுகளில் ஒன்றில் முடியும்படி அமைக்க வேண்டும். தமிழ்ப் பிள்ளைகளுக்கு யாப்புப் படிப்பித்த ஒருவருக்கு இதைவிடச் சுவையான கணக்கு உண்டா? இதை அவசரமாக முடித்துவிட்டுப் புலம்பலில் மினக்கெடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். முறையை மாற்றுங்கள். திதி வெண்பாவோடு ஒரு முழு மாலையைச் செலவிடுங்கள்.

புலம்பல்கள் ஒரேமாதிரி அமைவதன் காரணம், வீட்டார் உங்களுக்குக் கொடுப்பது ஒரே மாதிரியான துண்டு என்பதே: பிறந்த ஊர், பதவி, பிள்ளைகளின் பெயர், மருமக்களின் நாடு. அந்தத் துண்டிலிருந்து குலவிளக்கைத் தவிர வேறெதுவும் எழுத முடியாது. ஒரு தடவை நேரே போய்ப் பின்வளவில் இருந்து கதையுங்கள். பிள்ளைகள் கனடாவில் என்றால் தொலைபேசியில் பிடியுங்கள். விடிய எழும்பினால் முதலில் எதைத் தேடுவார், யாரைப் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடுவார், எதற்குக் கோபம் வரும் என்று கேளுங்கள். வயலுக்குத் தண்ணீர்முறை வந்த இரவுகளில் ரோர்ச் வெளிச்சத்தோடு வரம்பில் போனவர் என்று ஒரு மகள் சொன்னால், அந்தப் புலம்பலில் ரோர்ச்சும் வரம்பும் வரட்டும். குலவிளக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் யாருக்கும் தெரியாது. அச்சகம் அவசரப்படுத்தும் என்பது உண்மை, முப்பத்தோராம் நாளைத் தள்ளிப்போட முடியாது. அதனால் ஒரு வாரத்தில் ஒரு கல்வெட்டுக்கு மேல் ஏற்காமல், மற்றதை வேறொருவரிடம் அனுப்பிவிடுங்கள்.

கட்டணத்தைப் பொறுத்தவரை, கல்வெட்டு ஒன்றுக்கு இவ்வளவு என்று ஒரே தொகையாகச் சொல்லுங்கள். பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்கத் தொடங்கினால் மனைவி, மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகளோடு நிற்காமல், சகலன், சம்பந்தி என்று புலம்புவோர் தொகை கூடிக்கொண்டே போகும்.